பிரெஞ்சு படித்தால் தோட்டத்துப் புத்தி போகுமா?

சிரம்பானில் ஒரு பரிசளிப்பு விழா. பேச வந்தவர், நம் பிள்ளைகள் பிரெஞ்சு படித்து, மாணவர் பரிமாற்றத்தில் ஓராண்டு பிரான்சுக்குப் போய்வர வேண்டும் என்றார். அப்போதுதான் தோட்டத்துப் புத்தி போகுமாம். பலத்த கைதட்டல்.

பரிமாற்றத்தால் பலன் உண்டு. பதினாறு வயதில் முன்பின் அறியாத வீட்டில் உப்பு கேட்கவும், தாமதமாக வந்ததற்குக் காரணம் சொல்லவும் நேர்ந்தால் நாக்கு தானாக வளையும். வினைச்சொல் அட்டவணையை உருப்போட்டு எஸ்.பி.எம். எழுதுகிறவனுக்கு அது வாய்க்காது. ஆம்புலன்ஸ் ஓட்டிய போர்க்காலத் தொண்டர்களிடமிருந்து பிறந்த ஏ.எஃப்.எஸ். அமைப்பு, 1947இல் பள்ளிப் பிள்ளைகளை நாடு மாற்றி அனுப்பத் தொடங்கியதும் நல்லெண்ணத்தில்தான்.

ஆனால் மொழிக்குள் தள்ளிவிடுவது எங்களுக்குப் புதிதா? பகாவ் பக்கத்துத் தோட்டப் பிள்ளை ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, பதின்மூன்று வயதில் முழுக்க மலாய் பேசும் இடைநிலைப்பள்ளியில் போய் விழுகிறது. பலருக்குப் புகுமுக வகுப்பு வேறு. கடைத்தெருவில் சீன முதலாளியிடம் பேரம், வீட்டில் தமிழ், பாடநூலில் ஆங்கிலம். இதற்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை, மேடையில் ஏற்றுவதுமில்லை. அதே பள்ளியில் தாய்மொழி வகுப்பு வேண்டுமென்றால் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்க வேண்டும் என்கிறது சட்டம். கேட்டாலும் ஆசிரியர் வரும்வரை காத்திருக்க வேண்டும். உறைவிடப் பள்ளியில் பிரெஞ்சுக்கு இந்த மனு எழுதும் வேலையெல்லாம் இல்லை.

இன்னொன்று. 1905இல் மலாயாவுக்கு வந்த பிரெஞ்சுத் துரை ஆன்ரி ஃபோக்கோனியே, சிலாங்கூர் ரப்பர் தோட்டத்தில் நம் ஆட்களை வேலை வாங்கத் தமிழ் கற்றார். அந்த வாழ்வை வைத்து அவர் எழுதிய 'மலேசி' நாவலுக்கு 1930இல் கோன்கூர் பரிசு கிடைத்தது. அவர் 1917இல் செம்பனை நட்ட தோட்டத்தின் பெயரே தென்னமரம். தோட்டத்தில் தங்கினால் புத்தி கெடும் என்று பாரிசில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலும்.

இன்று பரிமாற்றத்துக்குப் பல ஆயிரம் வெள்ளி கட்டி, நேர்காணலில் தடுமாறாமல் ஆங்கிலம் பேசும் பட்டணத்துப் பிள்ளைதான் போகிறது. தோட்டத்துப் பிள்ளையின் பெயர் மேடைப் பேச்சோடு சரி. பிரான்சிலிருந்து வரும் பிள்ளையை லயத்து வீட்டில் தங்கவைத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. வசதி போதாது என்பார்கள். விருந்தினர் பிள்ளைக்கு முக்கியமாகக் கேட்பது தனிக் கட்டிலும் வேளைக்குச் சாப்பாடும்தான். கட்டில் பகாவிலேயே கிடைக்கும்.