ஏலக்கூடமும் திரைவெளியும்

ஏலம் என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும். மணப்பொருளைக் குறிப்பது பழந்தமிழ்ச் சொல். கூவி விற்பதைக் குறிப்பது போர்த்துக்கீசியர் வழி வந்தது. இரண்டும் ஒரே கூரையின்கீழ்ச் சந்திக்கும் ஊர் போடிநாயக்கனூர். ஏலமலைச் சரிவுகளில் பறித்த காய், ஸ்டோர்களில் பச்சை மாறாமல் உலர்த்தப்பெற்று மூட்டைகளாய் இங்கே இறங்குகிறது.

குரல் கொடுத்துக் கேட்ட முறை மாறி, 2007ஆம் ஆண்டில் நறுமணப் பொருள் வாரியம் மின்னணு ஏலத்தைக் கொணர்ந்தது. வணிகர் ஒவ்வொருவர் முன்னும் ஒரு திரை. விரல் அழுத்தினால் விலை ஏறும். 2021இல் போடிக் கூடமும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடிக் கூடமும் இணையவழியே இணைக்கப்பெற்றன. முந்திய ஆண்டு, நோய்த்தொற்றால் மாநில எல்லை கடப்பதே அரிதாயிருந்ததை எண்ணினால், இது பெரும் வசதி என்பதில் நமக்கு ஐயமில்லை. குரல் போயிற்றே என இரங்குவோருடனும் நாம் உடன்படோம். முகம் பார்த்துக் கேட்குமிடத்தில் தாட்சண்யம் நுழையவும் இடமுண்டு அல்லவா?

ஆயினும், "இனிக் கூடம் எதற்கு? அவரவர் வீட்டிலிருந்தே கேட்கலாமே" என்பாரின் கூற்றை ஏற்பதற்கில்லை. திரை விலையைத்தான் சொல்கிறது. லாட்டின் மாதிரி கைக்கு வந்த பின்னரே வணிகரின் விரல் அசைகிறது. நிறத்தைக் கண் பார்க்கும். பருமனை விரல் அளக்கும். தோலைப் பிளந்து விதையை முகர்வர்.

சுவர் வேறு, இடம் வேறு. நம் சமுதாயம் இதனை நன்கறியும். பெருநாள் தொழுகை திடலில் நிகழ்கிறது. அங்கே சுவரில்லை, மிஹ்ராப் இல்லை. கிப்லாவை நோக்கி நிற்கும் ஸஃப்புகளே போதுமானவையாகின்றன. ஆனால் 2020இல் பள்ளிவாசல்கள் அடைபட்டிருந்தபோது, திரையில் தெரியும் இமாமைப் பின்பற்றி வீட்டிலிருந்தே ஜும்ஆத் தொழலாமா என்ற வினா எழுந்தது. உலமாக்களில் மிகப் பெரும்பாலோர் கூடாதென்றே தீர்ப்புரைத்தனர். பயான் கேட்பதை எவரும் தடுக்கவில்லை. சொல்லைத் திரைவழி பெறலாம். உடனிருத்தலை அவ்வாறு பெறவியலாது என்பதே அவ்வேறுபாட்டின் உட்கிடை என நாம் கருதுகிறோம்.

ஏலக்கூடத்திலும் இதே நிலைதான். கட்டடம் போடியில் இருந்தாலென்ன, புற்றடியில் இருந்தாலென்ன? காய் உள்ளங்கைக்கு வரவேண்டும். இது ஏட்டுத் தத்துவமன்று; அரை ஏக்கர்க்காரரின் சோற்றுப் பிரச்சினை. பெருந்தோட்டத்தாருக்குப் பெயரே விலை பெற்றுத் தரும். சிறு விவசாயிக்கோ தட்டில் கிடக்கும் அந்தக் கைப்பிடிக் காயைத் தவிர வேறு சாட்சியில்லை. செயற்கைச் சாயமேற்றிய காய் படத்தில் நல்ல காயைவிடப் பசுமையாகவே தெரியும். நேர்மையாய் உலர்த்தியவரின் சரக்கு அதன் பக்கத்தில் மங்கித் தோன்றும். வீட்டிலிருந்தே கேட்கலாம் என்போர் முதலில் இதற்கு விடை கூறட்டும்.