இரப்போர் கூற்று

தமிழிலக்கியத்தில் இரப்போரைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஈவோரைப் பற்றியே எழுதி முடிப்பர். வள்ளல்களின் கொடைத்திறம் விரித்துரைக்கப்படும். கொள்வோன் அக்கொடை விளங்குதற்கு ஒரு வாயிலாக மட்டும் நிற்பான். இக்கட்டுரை அந்நோக்கினை மாற்றி, இரப்பவன் தானே பேசும் இடங்கள் யாவை, வாய் பேசாது நிற்கும் இடங்கள் யாவை என வினவுகின்றது. ஒரு நூல் இரப்பவனை எங்ஙனம் மதிக்கின்றது என்பதனை, அந்நூல் அவன்பால் காட்டும் இரக்கத்தின் அளவால் அறிதல் அரிது. அவனுக்கு அளிக்கும் கூற்றின் அளவாலேயே அறிதல் கூடும் என்பது நம் துணிபு.

இதற்கு இலக்கணமே தோற்றுவாயாக அமைகின்றது. ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களும் இரத்தற்குரியன என வகுக்கும் தொல்காப்பியம், ஈ என்பதனை இழிந்தோனுக்கும், தா என்பதனை ஒப்போனுக்கும், கொடு என்பதனை உயர்ந்தோனுக்கும் உரியதாகக் கூறும். இப்பாகுபாட்டில் ஏற்றத்தாழ்வு உண்டு என்பது வெளிப்படை. ஆயினும் உயர்ந்தோனும் ஒப்போனும் இரத்தல் கூடும் என்பதும் இதனாற் பெறப்படும். இரத்தல் என்பது ஒரு சாராரின் இயல்பன்று. யார்க்கும் நேரக்கூடிய ஒரு நிலை என்றே இலக்கணம் அதனைக் கண்டது.

சங்கப் புலவரைப் பரிசிலர் எனப் பிரித்து, இரவலர் வேறு, பரிசிலர் வேறு எனக் கூறுவாரும் உளர். புலவர் தம் பெருமையைக் காக்கும் நன்னோக்கம் இதன்கண் உண்டு. ஆயினும் நூல்கள் இதற்கு முற்றும் இடந்தரவில்லை. இளவெளிமான் தகுதியறிந்து ஈயானாக, பெருஞ்சித்திரனார் குமணன்பாற் சென்று பெற்ற யானையைக் கொணர்ந்து, இளவெளிமானது காவன்மரத்திற் கட்டிப் பாடிய பாட்டில் (புறம். 162) இரவலர் என்னும் சொல்லையே ஆள்கின்றார். அவர் நாணிய சொல் அன்று அது. தம்மை நேரிற் காணாது அதியமான் நெடுமான் அஞ்சி விடுத்த பரிசிலை, ஊதியம் ஒன்றே கருதி வந்த வணிகன் தான் அல்லன் எனக் கூறி மறுத்தவரும் அவரே (புறம். 208). அவருக்கு மானம் தந்தது பரிசிலர் என்னும் பெயரன்று. கேட்கவும் மறுக்கவும் இருந்த உரிமையேயாகும்.

இங்ஙனம் பேசும் இரவலர் வாயிலாகவே வறியோர் இல்லத்தின் உட்புறம் நமக்குத் தெரிகின்றது. சமைத்தலை மறந்த அடுப்பிற் காளான் பூத்திருத்தலையும், பாலற்ற முலையைச் சுவைத்து அழும் மகவையும் பெருந்தலைச் சாத்தனார் காட்டுகின்றார் (புறம். 164). சிறுபாணாற்றுப்படையில் வேளைக்கீரையை உப்பின்றி வேவித்த இல்லக்கிழத்தி, பிறர் காணுதற்கு நாணிக் கதவை அடைத்த பின்னரே சுற்றத்துடன் உண்கின்றாள். தெருவில் நின்று நோக்குவோர்க்கு அடைத்த கதவு மட்டுமே தோன்றும். அக்கதவின் பின்னிருந்து ஒருவன் பேசினாலன்றி அந்நாணம் இலக்கியத்துள் இடம் பெறாது.

வள்ளுவர் இரவு, இரவச்சம் என்னும் இரண்டு அதிகாரங்களை (106, 107) அடுத்தடுத்து வைத்தார். முன்னையது இரத்தலை உடன்படுவது போலவும், பின்னையது விலக்குவது போலவும் தோன்றும். மானம் நீங்காத இரவு, மானம் நீங்க வரும் இரவு எனப் பிரித்துப் பரிமேலழகர் இம்முரணைத் தீர்ப்பர். அவ்வுரை பொருந்துவதே. ஆயினும் இவ்விரண்டும் ஒருவன் நெஞ்சின் இரு கூறுகள் எனக் கொள்ளுதற்கும் இடனுண்டு. உள்ளவன் கரந்தால் பழி அவனதே, இரந்தவனதன்று என்பது முதலதிகாரத்தின் தொடக்கம். ஆவின் பொருட்டு நீர் கேட்பினும் அதனினும் நாவிற்கு இழிவு பிறிதில்லை என்பது அடுத்த அதிகாரத்தின் கருத்துக்களுள் ஒன்று. குற்றம் தனதன்று என அறிந்தவனுக்கும் நாக்கூசுதல் நீங்கவில்லை. இல்லை என்னும் சொற்கேட்ட அளவில் இரப்பவன் உயிர் நீங்குமாயின், அச்சொல்லைச் சொன்னவன் உயிர் எங்கே ஒளிந்துகொள்ளும் என அதிகாரம் முடிகின்றது. வள்ளுவருக்கு இரத்தல் கையின் செயலன்று, நாவின் செயல். துன்பம் பிறப்பது சொல்லுமிடத்தும் கேட்குமிடத்துமேயாம்.

மணிமேகலையிற் காட்சி மாறுகின்றது. தென்மதுரையிற் சிந்தாதேவி கோயிலில் தங்கிய ஆபுத்திரன் மனைதோறும் ஐயமேற்று, குருடர், செவிடர், முடவர், காப்பாரற்றோர், நோயாளர் ஆகியோரை அழைத்து ஊட்டி, எஞ்சியதை உண்டு, ஓட்டையே தலையணையாகக் கொண்டு துயில்கின்றான். ஈவோனே இரப்போனாதல் இக்காப்பியம் கண்ட பெரும்புதுமை. கைம்மாறு செய்ய வல்லார்க்கு ஈதல் அறத்தை விலைக்கு விற்பதாகும் என்னும் கொள்கையும் அதற்கே சிறப்பாயது. ஆயினும் அவன் உணவை உண்ட குருடரும் முடவரும் ஆண்டு ஒரு சொல்லும் பேசினாரல்லர். தன் பசியைத் தானே எடுத்துரைக்கும் காயசண்டிகையோ விஞ்சையர் மகள். அவள் யானைத்தீ சாபத்தால் வந்தது, வறுமையால் வந்ததன்று.

எனினும் சாத்தனாரைக் குறைகூறி அமைதல் முறையன்று. சங்கப் பாட்டிற் பேசிய இரவலர் பாடவல்லோர். யாழும் பாட்டும் அறியாத வறியவன் புறநானூற்றிற் பேசவில்லை; பெரும்பாலும் காணப்படவும் இல்லை. கைம்மாறாகத் தருதற்குப் புகழும் இல்லாத அவனைப் பந்திக்கு அழைத்த பெருமை சாத்தனாரதே. மழை வளத்தால் உண்பாரின்றிப் போக, அமுதசுரபி பயனற்றதாதலும், ஆபுத்திரன் அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாது உயிர் துறத்தலும், ஈவோனுக்கும் இரப்போன் வேண்டும் என்னும் உண்மையை உணர்த்துகின்றன. ஆகவே புறநானூறு குரலைத் தந்தது. மணிமேகலை இடத்தைத் தந்தது. இரண்டும் ஒருங்கு வாய்த்தற்கு நெடுங்காலம் ஆயிற்று.

புதுமைப்பித்தனின் மகாமசானம் என்னும் சிறுகதையிற் சென்னைப் பெருவீதியின் ஓரத்தில் ஒரு பிச்சைக்காரன் இறக்கின்றான். மாம்பழம் வாங்கச் சென்ற தந்தையின் குழந்தை அவனை நோக்கி நிற்கின்றது. நகரம் தன் வழிச் செல்கின்றது. அவன் பேசாமை ஈண்டு ஆசிரியரின் குறையன்று. நகரத்தின்மேற் சாட்டிய குற்றம். 2003-இல் வெளிவந்த ஜெயமோகனின் ஏழாம் உலகம் என்னும் நாவலில், உடற்குறையுடைய இரவலரை வைத்து வாணிகம் செய்வோர் அவர்களை உருப்படி எனப் பொருட்பெயரால் வழங்குகின்றனர். அவ்வுருப்படிகளோ தம்முட் பேசுகின்றனர், நகைக்கின்றனர், ஒருவரையொருவர் பேணுகின்றனர். ஆபுத்திரன் பந்தியில் வாய் பேசாதிருந்தோர் ஈண்டு வாய் திறந்தனர் எனலாம்.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. 1959-ஆம் ஆண்டின் பம்பாய் இரத்தல் தடுப்புச் சட்டம், பாடியோ ஆடியோ வித்தை காட்டியோ பொதுவிடத்திற் பொருள் பெறுதலையும் இரத்தலுள் அடக்கிற்று. அவ்வரையறையின்படி பாணரும் கூத்தரும் பொருநரும் குற்றவாளிகளாவர். ஆற்றுப்படை பாடியோர் குற்றத்திற்கு வழிகாட்டியோராவர். தில்லிக்கும் விரிக்கப்பெற்ற அச்சட்டத்தில் இரத்தலைக் குற்றமாக்கிய பிரிவுகளைத் தில்லி உயர்நீதிமன்றம் 2018-இல் அரசியலமைப்புக்கு மாறானவை எனத் தள்ளியது. இரப்பவனைத் தெருவினின்று மட்டும் நோக்கி, கதவின் பின்னுள்ளதைக் கேளாது வகுத்த வரையறை அது.

ஆதலின் இத்துறையில் ஆராயப் புகுவோர் கொடையின் அளவை மட்டும் கணக்கிடாது, ஒவ்வொரு நூலிலும் இரப்போர்க்கு உரிய கூற்றுக்கள் எத்துணை, அவை யார் வாயிலாக வருகின்றன எனத் தொகுத்துக் காணல் வேண்டும். அங்ஙனம் காணின், நாம் வள்ளல்களின் வரலாறு என வழங்குவதிற் பெரும்பகுதி இரவலர் சொல்லிச் சென்ற வரலாறே என்பது விளங்கும்.