மும்பையில் கணக்கு, அவலூர்பேட்டையில் நகல்

அவலூர்பேட்டையில் மல்லாட்டை வாங்கும் ஒரு மண்டியின் எடைக்கணக்கும் விவசாயிகளின் பாக்கியும் அமேசானின் மும்பை மையத்தில், அரோரா மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளக் கிளஸ்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அரோரா எதையும் மூன்று இடங்களில் ஆறு பிரதிகளாக எழுதுகிறது. அதற்கு மேலும் மண்டியிலேயே ஒரு சாதாரண மைஎஸ்க்யூஎல் சர்வர் வைத்து நகலெடுப்பது வீண்செலவு என்று பலர் சொல்வார்கள். ஆறு பிரதிகள் வட்டு பழுதாவதிலிருந்து காப்பாற்றும். ஆனால் அமேசானில் உள்ள கணக்கே முடங்கினால் ஆறும் சேர்ந்து கைவிட்டுப் போகும். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் கூகுள் கிளவுட் அமைப்பு தவறுதலாக அழிக்கப்பட்டு, உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு மேல் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. வேறொரு நிறுவனத்திடம் இருந்த பேக்கப் மீட்புக்கு உதவியது. 2025 ஜூலையில் ஐரோப்பியத் தடையைத் தொடர்ந்து இந்திய எண்ணெய் நிறுவனமான நயாரா எனர்ஜிக்கான சேவைகளை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றம் போன பிறகே அவை திரும்பின. ஆகவே நகல் வெளியே, சொந்தக் கையில் இருப்பது அவசியம் என்பதே என் கட்சி.

அரோரா இதற்கு இடம் தருகிறது, ஆனால் தானாக முன்வந்து தருவதில்லை. மாற்றங்களை வரிசையாகப் பதியும் பைனரி லாக் அதில் முதலில் அணைந்தே இருக்கும். கிளஸ்டர் பாராமீட்டரில் அதை இயக்கி, ஒருமுறை ரீபூட் செய்ய வேண்டும். பிறகு கிளஸ்டரை குளோன் செய்து, குளோனிலிருந்து டம்ப் (முழுத் தரவின் பிரதி) எடுத்தால் வியாபாரம் தடைபடாது. எந்த லாக் கோப்பில், எந்த இடத்திலிருந்து தொடர வேண்டும் என்பதைக் குளோனின் ஈவென்ட் பதிவிலேயே அரோரா எழுதி வைக்கிறது; மிக நல்ல ஏற்பாடு. எனக்கு ஒப்பாதது லாக்கை வைத்திருக்கும் காலம். எதுவும் சொல்லாமல் விட்டால் பழைய லாக் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் போய்விடும். பொங்கல் விடுமுறையில் மண்டியைப் பூட்டி மின்சாரத்தையும் அணைத்துப் போனால், திரும்பி வரும்போது நகலெடுப்பு அறுந்திருக்கும், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 144 மணி நேரம், அதாவது ஆறு நாள் என்று முதல் நாளே மாற்றிவிட வேண்டும். இணைப்பு விட்டு வந்தால் நகல் தானே எட்டிப்பிடிக்கும்.

பாதுகாப்பு பற்றிய அச்சம் நியாயமானது, ஆனால் இங்கே இணைப்பைத் தொடங்குவது நகல் சர்வர்தான். மண்டியின் பக்கம் எந்தக் கதவையும் திறக்க வேண்டாம். மும்பைப் பக்கத்தை விபிஎன் வழியாக மட்டும் திறந்தால் போதும். வெளியே போகும் தரவுக்கு அமேசான் கட்டணம் வாங்குகிறது என்பதும் உண்மை. ஆனால் மாதம் முதல் 100 ஜிபி இலவசம்; ஒரு மண்டியின் மாற்றங்கள் அதைத் தொடுவதே அரிது. வலுவான மறுப்பு வேறு: யாராவது தவறுதலாக ஒரு டேபிளை அழித்தால், அந்த அழிப்பும் நொடியில் அவலூர்பேட்டைக்கு வந்துவிடும். அதற்காகவே மைஎஸ்க்யூஎல் தாமத நகலை அனுமதிக்கிறது; ஒரு மணி நேரம் பின்தங்கி ஓடவிட்டால் கையைப் பிடித்து நிறுத்த நேரம் கிடைக்கும். அப்போதும் தினசரி பேக்கப் தேவைதான். கம்பெனியாகப் பதிவானவர்களுக்கு, மின்னணுக் கணக்கின் பேக்கப் நாள்தோறும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் வந்த விதித்திருத்தமும் சொல்கிறது. தாமத நகலிலிருந்து ஒவ்வொரு இரவும் டம்ப் எடுத்தால் மும்பைக்குச் சுமையே இல்லை, மறுநாள் காலையில் அந்த டம்பை இன்னொரு கணினியில் ஏற்றி, ஒரு விவசாயியின் பாக்கியாவது சரியாக வருகிறதா என்று பார்க்கவும் முடியும்.