சாம் டைலரை எந்த வருஷத்துக்கு அனுப்புவது?

ஒரு தொலைக்காட்சித் தொடரை வேறு நாட்டுக்காரர்கள் மறுஆக்கம் செய்யும்போது ஆள் பெயரை மாற்றுவார்கள், ஊரை மாற்றுவார்கள், சாப்பாட்டை மாற்றுவார்கள். ‘லைஃப் ஆன் மார்ஸ்’ தொடரை மறுஆக்கம் செய்தவர்கள் எல்லோரும் முதலில் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டிய விஷயம் வேறு: எந்த வருஷம்?

2006, 2007 ஆண்டுகளில் பிபிசியில் பதினாறு பகுதிகளாக வந்த தொடர் அது. மான்செஸ்டர் போலீஸ் அதிகாரி சாம் டைலர் 2006இல் கார் மோதி விழுகிறான். கண் விழித்தால் 1973. அதே ஊர், அதே போலீஸ் வேலை, ஆனால் முப்பத்து மூன்று வருஷம் பின்னால். ஸ்பெயின்காரர்கள் 2009இல் எடுத்தபோது தங்கள் நாயகனை 1977க்கு அனுப்பினார்கள். சர்வாதிகாரி ஃபிராங்கோ செத்து இரண்டு வருஷம். ஜனநாயகம் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. ரஷ்யர்கள் 1979க்கு, சோவியத் காலத்துக்கு. செக் நாட்டவர் 1982க்கு. கொரியாக்காரர்கள் 2018இல் எடுத்தபோது 1988. தெருவில் இறங்கிப் போராடி நேரடித் தேர்தலை வாங்கிய 1987க்கு அடுத்த வருஷம்.

வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். ஒவ்வொரு நாடும் ஓர் அரசியல் முறிவை ஒட்டிய வருஷத்தைத் தேடி எடுத்திருக்கிறது. பிரிட்டனில்கூட 1973க்கும் 2006க்கும் நடுவே 1984ஆம் வருஷத்துப் போலீஸ் சட்டம் வந்து விசாரணை அறைக்குள் டேப் ரெக்கார்டரை வைத்துவிட்டது. ‘அப்போது போலீஸ் அப்படி, இப்போது இப்படி’ என்று சொல்ல ஒரு கோடு வேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கத்து ஆளை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு வேடிக்கை பார்ப்பதுதான் கதை.

தமிழில் எடுத்தால் எந்த வருஷம்? இந்தக் கேள்வியோடுதான் அந்தத் தொடரின் கதாபாத்திர வார்ப்புகளைப் பார்க்கத் தொடங்கினேன்.

வார்ப்புகள் ஐந்து. ஒன்று, விதிமுறையைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற எதிர்காலத்து ஆள், சாம். இரண்டு, அந்த ஸ்டேஷனின் ராஜா, ஜீன் ஹண்ட்: குடிப்பான், அடிப்பான், சாட்சியத்தை ‘உண்டாக்குவான்’, ஆனால் தன் ஆட்களுக்காக உயிரைக் கொடுப்பான். மூன்று, படித்த புத்திசாலிப் பெண் போலீஸ் ஆனி. அவளுடைய உளவியல் படிப்பு ஸ்டேஷனில் யாருக்கும் தேவைப்படவில்லை. நான்கு, ராஜா என்ன சொன்னாலும் சரி என்கிற முரட்டு விசுவாசி ரேயும், எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியாத கிறிஸும். இருவரும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கம். ஐந்து, மதுக்கடை நடத்துகிற நெல்சன்: எல்லாம் தெரிந்த, எதையும் முழுசாகச் சொல்லாத சாமியார்.

இந்த ஐவரில் தொடரைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் ஹண்ட்தான். நியாயப்படி ரசிகர்கள் சாம் பக்கம் நின்றிருக்க வேண்டும். ஹண்ட் பக்கம் போய் நின்றார்கள். ஆனால் ஹண்ட் என்கிற ஆள் நிஜமான 1973இலிருந்து வரவில்லை. 1975 முதல் 1978 வரை பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஓடிய ‘தி ஸ்வீனி’ என்ற போலீஸ் தொடரின் முரட்டு நாயகன் ஜாக் ரீகனின் வாரிசு அவன். அதாவது சாம் போய் விழுந்தது பழைய மான்செஸ்டரில் என்பதைவிட, பழைய டிவிக்குள் என்று சொல்வதே சரி. தொடர்ச்சியாக வந்த ‘ஆஷஸ் டு ஆஷஸ்’ 2010இல் முடியும்போது இது பட்டவர்த்தனமாகிறது. ஹண்ட் 1953இலேயே சுட்டுக் கொல்லப்பட்ட ஓர் இளம் கான்ஸ்டபிள். அந்தத் தொப்பை, அந்தக் கோட்டு, அந்த உறுமல் எல்லாம் செத்துப்போன ஒரு பையன் தனக்குத் தானே தைத்துக்கொண்ட வேஷம்.

எனவே தமிழ் சாம் டைலரும் பழைய தமிழ்த் திரைக்குள்தான் போய் விழ வேண்டும். அவனை அதே 1973, 1974 பக்கம் அனுப்பிப் பாருங்கள். அங்கே யார் இருக்கிறார்? ஜீன் ஹண்டா?

எஸ்.பி. சௌத்ரி இருக்கிறார். ‘தங்கப்பதக்கம்’ வந்தது 1974இல். குற்றவாளியானவன் சொந்த மகன் என்று தெரிந்தும் சட்டத்தை வளைக்காத, கடைசியில் அவனைச் சுட்டே வீழ்த்துகிற சிவாஜி. எங்கள் அப்பத்தா மேலூருக்குப் போய் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது வீட்டில் இன்றும் ஓடுகிற கதை. “பெத்த புள்ளையவே விட்டுக்குடுக்கலையே மனுசன்” என்பாள். அவள் மனசில் போலீஸ் என்றால் அதுதான்: ரத்த பந்தத்துக்கு மேலே சட்டம். சௌத்ரியை மிகைநடிப்பு என்று நாம் இன்று சிரிக்கலாம். ஆனால் அந்த வார்ப்பின் மையத்தில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. அவருடைய துயரமே விதியை மீற முடியாததால் வருகிற துயரம்.

அங்கிருந்து முன்னால் வாருங்கள். 1982இல் ‘மூன்று முகம்’ அலெக்ஸ் பாண்டியன். சட்டத்தை விடக் குரலும் நடையும் பெரிதாகின்றன. 2003இல் ஒரே வருஷத்தில் இரண்டு பேர். ‘சாமி’யின் ஆறுச்சாமி ஊரை அடக்குவதற்காகக் கை நீட்டிப் பணம் வாங்குகிறார், வில்லனை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் செங்கல் சூளையில் முடிக்கிறார். ‘காக்க காக்க’வின் அன்புச்செல்வனுக்கு என்கவுன்ட்டர் என்பது அலுவலக நடைமுறை. 2010இல் ‘சிங்கம்’ துரைசிங்கம் வந்தபோது அறைகிற கைதான் அடையாள அட்டை.

பிரிட்டிஷ் திரையில் காலம் ஹண்டிலிருந்து சாமை நோக்கிப் போகிறது. தமிழ்த் திரையில் சாமிலிருந்து ஹண்டை நோக்கிப் போகிறது. நம்முடைய பழைய போலீஸ் விதியைக் கட்டிக்கொண்டு அழுகிறவர். புதிய போலீஸ் விதியைக் கிழித்துவிட்டுக் கைதட்டு வாங்குகிறவர்.

நிஜத்தில் விதிகள் எந்தத் திசையில் போயின என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கைது செய்யும்போது போலீஸ் என்னென்ன செய்ய வேண்டும் என்று பதினொரு நிபந்தனைகளை உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் விதித்தது 1996 டிசம்பரில். ஏழு வருஷம்கூட ஆகவில்லை, ஆறுச்சாமி வந்துவிட்டார். காகிதத்தில் விதி ஏற ஏற, திரையில் விதி இறங்கியிருக்கிறது. மேற்கில் முறிவு வருஷம் எதுவோ அதற்குப் பின்னால் அடிக்கிற போலீஸ் பழைய பொருளானான். நமக்கோ அதற்குப் பின்னால்தான் புத்தம்புதுசாக வார்க்கப்பட்டான்.

கொட்டாம்பட்டியில் விடியற்காலையில் நாலுவழிச் சாலையோரம் பையன்கள் ஓடுவதைப் பார்க்கலாம். போலீஸ் தேர்வுக்கு உடல்தகுதி. எங்க மாமா பையன் அவர்களில் ஒருத்தன். அவனை உட்கார வைத்து ‘லைஃப் ஆன் மார்ஸ்’ முதல் பகுதியைப் போட்டுக் காட்டினேன். சாம் பேசப் பேசக் கொட்டாவி விட்டான். “என்ன மச்சான், இவன் போலீஸா, கோர்ட் கிளார்க்கா?” ஹண்ட் வந்து சாமைச் சுவரோடு சேர்த்துச் சாத்தியதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். “இந்தாளு நம்மாளு.”

சும்மா சிரித்துவிட்டுப் போகிற வாக்கியமில்லை அது. பிரிட்டிஷ்காரன் ஹண்டை ரசிக்கும்போது ஒரு பத்திரமான தூரம் இருக்கிறது. அந்த ஆள் இனி வரமாட்டான் என்ற நம்பிக்கையில் வருகிற ஏக்கம். செத்தவனை நேசிப்பது சுலபம். மாப்பிள்ளை ஹண்டை ஏக்கத்தோடு பார்க்கவில்லை. மேலதிகாரியைப் பார்ப்பது போலப் பார்த்தான். இன்னும் இரண்டு வருஷத்தில் அவன் கையிலும் லத்தி இருக்கலாம்.

நம்முடைய காலப்பயணப் படங்களும் இதே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. 2015இல் வந்த ‘இன்று நேற்று நாளை’ நல்ல படம்; தமிழில் கால இயந்திரத்தை இவ்வளவு தெளிவாகக் கையாண்ட படங்கள் குறைவு. அதில் கடந்த காலம் எங்கே கெடுகிறது என்று கவனியுங்கள். போலீஸ் என்கவுன்ட்டரில் சாக வேண்டிய ரௌடி, நாயகர்கள் பின்னோக்கிப் போய்க் குறுக்கிட்டதால் பிழைத்துவிடுகிறான். அதன்பின் எல்லாம் நாசம். என்கவுன்ட்டர் நடந்த காலம்தான் ‘சரியான’ காலம். நடக்காத காலம் பிழையான காலம். சாம் டைலர் பின்னோக்கிப் போய்க் கேட்கிற முதல் கேள்வி ‘விசாரணை எங்கே?’ என்பது. நம் கால இயந்திரத்தில் அந்தக் கேள்விக்கு இருக்கையே போடவில்லை. நகைச்சுவையாகப் போகிற படம் என்பதால் யாருக்கும் உறுத்தவும் இல்லை.

2021இல் வந்த ‘மாநாடு’ இதில் ஒருபடி மேல். ஒரே நாள் திரும்பத் திரும்ப நிகழ்கிறது. அந்தச் சுழலுக்குள் நாயகனோடு சேர்ந்து மாட்டிக்கொள்கிற இன்னொரு ஆள் போலீஸ் அதிகாரி தனுஷ்கோடி. செய்யாத கொலைக்கு ஒரு முஸ்லிம் இளைஞனைப் பலிகொடுக்கப் போட்ட திட்டத்தில் அவருக்குக் கை உண்டு. எஸ்.ஜே. சூர்யா அந்த வேஷத்தில் பிய்த்து உதறியதால் நாம் சிரித்துக்கொண்டே பார்த்தோம். ஆனால் யோசித்தால் கொஞ்சம் கிலி பிடிக்கும்: எத்தனை தடவை நாள் திரும்ப வந்தாலும் அந்த அதிகாரி கற்றுக்கொள்வது ஒன்றைத்தான், அடுத்த தடவை பிசகில்லாமல் செய்வது எப்படி என்று. காலம் அவரைத் திருத்துவதில்லை.

‘விசாரணை’, ‘ஜெய் பீம்’, ‘விடுதலை’ எல்லாம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன, தமிழ்த் திரை பெருமைப்படலாம். ‘விடுதலை’யில் சூரி நடித்த குமரேசன் சாம் டைலரின் தம்பிதான்: முகாமுக்குப் புதுசு, கேள்வி கேட்டால் தண்டனை. ஆனால் ‘ஜெய் பீம்’ தொண்ணூறுகளில் நடக்கிறது, ‘விடுதலை’ எண்பதுகளில். வருஷத்தைத் திரையில் போட்டதும் நமக்குள் ஒரு பெருமூச்சு வருகிறது: அப்போ அப்படி. காலப்பயணி இல்லாமலே நாம் காலப்பயணி ஆகிவிடுகிறோம், அதுவும் திரும்பி வருவதற்கு டிக்கெட்டோடு. நிகழ்காலத்தில் நடக்கிற ‘ரைட்டர்’ படத்தில் (2021) மனசாட்சி யாரிடம் இருக்கிறது? ஓய்வு பெறப்போகிற வயசான தங்கராஜிடம். மறுபடியும் பழைய ஆள் விதியோடு, புதிய ஆள் லத்தியோடு.

பழைய போலீஸை நல்லவனாக்குவது நமக்கு மட்டும் உள்ள வழக்கமல்ல. கொரியத் தொடர் ‘சிக்னல்’ (2016) பார்த்திருப்பீர்கள். 2024இல் ‘க்யாரா க்யாரா’ என்று இந்தியிலும் வந்தது. பேட்டரி இல்லாத வாக்கி டாக்கியில் கடந்த காலத்திலிருந்து பேசுகிற லீ ஜே-ஹான் அப்பழுக்கற்றவர். அந்தத் தொடர் எடுத்துக்கொண்ட குற்றங்களில் ஒன்று, 1986 முதல் 1991 வரை ஹ்வாசோங் பகுதியில் நடந்த தொடர்கொலைகளின் சாயல். தொடர் வந்து மூன்று வருஷம் கழித்து, 2019இல், மரபணுச் சோதனையில் உண்மைக் கொலைகாரன் அடையாளம் தெரிந்தான். கூடவே இன்னொன்றும் தெரிந்தது. அந்தக் கொலைகளில் ஒன்றுக்காக ஓர் அப்பாவியை அன்றைய போலீஸ் வதைத்து வாக்குமூலம் வாங்கி, அவர் இருபது வருஷம் சிறையில் இருந்திருக்கிறார். 2020 டிசம்பரில்தான் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது. திரையில் கடந்த காலத்திலிருந்து ஒரு நல்ல குரல் கேட்டது. நிஜத்தில் கடந்த காலத்திலிருந்து வந்தது அந்த மனிதர்.

அதே 2020, ஜூன் மாதம், நம் சாத்தான்குளம். ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் போலீஸ் காவலில் வதைக்கப்பட்டு இறந்தார்கள். மாஜிஸ்திரேட் விசாரிக்கப் போனபோது ஸ்டேஷன் சிசிடிவி பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. 2006இன் கருவி, 1973இன் பழக்கம். அந்த மரணங்களுக்குப் பின், போலீஸைப் போற்றி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக இயக்குநர் ஹரி அறிக்கை விட்டார். ‘சாமி’யும் ‘சிங்க’மும் அவருடையவை. ஒரு வார்ப்பைச் செய்தவரே அதைப் பார்த்துக் கலங்கியது தமிழ் சினிமாவில் அபூர்வம். அதற்கு எந்த விமர்சகனும் தேவைப்படவில்லை என்பதை நானும் குறித்துக்கொள்கிறேன்.

அந்த ஸ்டேஷனில் நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் தலைமைக் காவலர் ரேவதி. இந்த இடத்தில் எனக்கு ஆனி நினைவுக்கு வருகிறாள். தொடரில் ஆனியை மதிக்கவும் மேலே தூக்கிவிடவும் எதிர்காலத்திலிருந்து ஓர் ஆம்பளை வர வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுப் போலீஸில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது 1973இல். சாம் போய் விழுந்த அதே வருஷம்! முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல். அந்த வரிசையில் வந்த ஒருத்தர், காலப்பயணி யாரும் வந்து கைகொடுக்காமலே, உடன் வேலை பார்த்தவர்களுக்கு எதிராக வாய் திறந்தார். நம் திரையில் இந்த வார்ப்பு இன்னும் கதையின் ஓரத்தில்தான் நிற்கிறது. நம்மிடம் இருக்கிற ஒரே புது வார்ப்பு அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

எனவே, தமிழ் ‘லைஃப் ஆன் மார்ஸ்’ எடுக்க நினைக்கிறவர்களுக்கு என் யோசனை: திருப்பி எடுங்கள். சாமை அனுப்ப வேண்டாம். மீசை முறுக்கிய, என்கவுன்ட்டர் கணக்கு வைத்திருக்கிற இன்றைய இன்ஸ்பெக்டர் ஒருத்தரை 1974க்கு அனுப்புங்கள். முதல் நாளே ஒருத்தனை அறையட்டும். பின்னணி இசை வராது. விசில் வராது. மேஜைக்கு அந்தப் பக்கம் சௌத்ரி உட்கார்ந்திருப்பார். அவர் கத்தமாட்டார். ரிமாண்ட் ரிப்போர்ட் எங்கே என்று மட்டும் கேட்பார். அந்தப் பக்கத்தில் புதுசாக வேலைக்குச் சேர்ந்த பெண் கான்ஸ்டபிள் ஒருத்தி, நடந்ததை முழுக்க எழுதிக்கொண்டிருப்பாள்.