ஆக்கிரமிப்பு என்றொரு சொல்

மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையோர டீக்கடை பெஞ்சில் ஒரு தினசரி கிடந்தது. ஒரு பக்கத்தில், இஸ்ரேல் ஆக்கிரமித்துள்ள மேற்குக் கரையில் பாலஸ்தீன விவசாயிகளின் வீடுகள் தரைமட்டம் என்று செய்தி. இரண்டு பக்கம் தள்ளி, ஏதோவொரு ஏரிக்கரையில் 'ஆக்கிரமிப்புகள் அதிரடி அகற்றம்'. இரண்டு படத்திலும் மஞ்சள் நிற ஜேசிபி. இரண்டிலும் ஒரு பெண் பாத்திர பண்டங்களுக்கு நடுவே நிற்கிறாள். முதல் செய்தியில் ஆக்கிரமித்தவன் ஜேசிபியோடு வந்தவன். இரண்டாவதில் ஆக்கிரமித்தவள் பாத்திரத்தோடு நிற்பவள். ஒரே தமிழ்ச் சொல், நேரெதிரான இரண்டு வேலை. அன்றைக்கு நானும் இரண்டையும் படித்துவிட்டு டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்தவன்தான். உறுத்தியது பிறகுதான்.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொற்கள் உண்டு, தமிழில் இல்லை, இது மொழிபெயர்ப்புக் குறைபாடு என்று சொல்லித் தள்ளிவிடலாம். எனக்கு அப்படிப் படவில்லை. ஒரு நிலத்தில் யார் இருப்பவர், யார் புகுந்தவர் என்பதை நிலம் தீர்மானிப்பதில்லை, காகிதம் தீர்மானிக்கிறது. அந்தக் காகிதம் யார் கையில் இருக்கிறதோ அவர்களே அடுத்தவரை ஆக்கிரமிப்பாளர் என்று அழைக்கும் அதிகாரத்தையும் வைத்திருக்கிறார்கள். இந்த அதிகாரத்தைப் பற்றிப் பேசாமல் பாலஸ்தீனத்தைப் பற்றி நாம் இத்தனை வருஷமாகப் பேசிவந்திருக்கிறோம் என்பதே என் புகார்.

1981இல் எம்.ஏ. நுஃமான் 'பலஸ்தீனக் கவிதைகள்' தொகுப்பைக் கொண்டுவந்தார். அதற்குப் பின் நம் சிறுபத்திரிகைகளில் பாலஸ்தீனம் வந்துகொண்டேதான் இருக்கிறது. நல்ல காரியம். ஆனால் நாம் அதை எப்படி வாசித்தோம்? கல்லை எடுத்துக்கொண்டோம், ஒலிவ மரத்தை எடுத்துக்கொண்டோம், நாடிழந்தவனின் துயரத்தை எடுத்துக்கொண்டோம். அந்த மரத்துக்குக் கீழே சர்வே எண்ணோடும் வரி ரசீதோடும் நின்ற விவசாயியை விட்டுவிட்டோம். பாலஸ்தீனம் நமக்கு ஒரு படிமமாகிப்போனது. படிமத்துக்காக அழுவது சுலபம். அது நம் ஊர் தாலுகா ஆபீஸ் வரைக்கும் வராது.

காகிதத்தின் கதை நீளமானது. 1858ஆம் ஆண்டு ஒட்டோமான் நிலச் சட்டத்தில் 'மவாத்', அதாவது செத்த நிலம், என்றொரு வகை உண்டு. ஊர் எல்லையில் நின்று ஒருவர் உரக்கக் கத்தினால் குரல் எட்டாத தூரத்தில் கிடக்கும் நிலம் செத்த நிலம். அந்தச் சட்டத்தின்படி அதை உழுது உயிர்ப்பித்தவன் உரிமை கோர வழியிருந்தது. 1921இல் பிரிட்டிஷ்காரன் வந்து ஒரு அவசரச் சட்டத்தால் அந்த வழியை அடைத்தான். அனுமதியில்லாமல் உழுதவன் இனி அத்துமீறியவன். 1979க்குப் பிறகு இஸ்ரேல் இதே பழைய சட்டத்தைத் தூசிதட்டி எடுத்து, மேற்குக் கரையில் தொடர்ந்து உழப்படாத நிலங்களை 'அரசு நிலம்' என்று அறிவிக்கத் தொடங்கியது. உழப் போகிறவனை வழியில் மறித்துவிட்டு, ஏன் உழவில்லை என்று கேட்கிற சட்டம்.

ஹெப்ரோனுக்குத் தெற்கே மஸாஃபர் யத்தா. மேய்ச்சலும் மானாவாரி உழவுமாக மலைக்குகைகளில் வாழும் மக்களின் ஊர்கள். 1980களின் தொடக்கத்தில் அது 918ஆம் எண் துப்பாக்கிச்சூட்டுப் பயிற்சி மண்டலம் ஆனது. 2022 மே 4 அன்று இஸ்ரேல் உச்ச நீதிமன்றம், அந்த அறிவிப்புக்கு முன் இவர்கள் அங்கே நிரந்தரமாகக் குடியிருந்தார்கள் என்பதற்கு ஆதாரமில்லை என்று சொல்லி மனுக்களைத் தள்ளியது. ஆயிரம் பேருக்கு மேல் வெளியேற்றத்தின் விளிம்பில். இந்த ஊர்களைப் பற்றிய 'நோ அதர் லேண்ட்' ஆவணப்படத்துக்கு 2025 மார்ச்சில் ஆஸ்கர் விருது கிடைத்தது. உலகம் கைதட்டியது. மே மாதம் அந்த ஊர்களில் ஒன்றை ஏறக்குறைய முழுசாகவே இடித்துத் தள்ளினார்கள். படிமத்துக்கு விருது, ஊருக்கு ஜேசிபி.

'நிரந்தரமாகக் குடியிருக்கவில்லை' என்ற வாசகத்தைப் படித்தபோது எனக்கு மரக்காணம்தான் ஞாபகம் வந்தது. இங்கே உப்பளங்கள் 3,000 ஏக்கருக்கு மேல். மழை ஓய்ந்து தை, மாசியில் பாத்தியைக் காலால் மிதித்து இறுக்கி, நீர் கட்டி, உப்பு வாரி, அடுத்த மழை வந்ததும் எல்லாம் கரைந்துபோகும். வருஷா வருஷம் முதலிலிருந்து. உப்பை விளைச்சல் என்கிறது தமிழ். அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியல், 58ஆம் இனத்தில், அதை உற்பத்தி என்கிறது. ஆகவே இதைச் செய்பவர் உழவரில்லை. உழுகிற குத்தகைதாரருக்கான 1955ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் இவரைத் தீண்டாது. 1805இல் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பு ஏகபோகத்தைக் கொண்டுவந்த நாளிலிருந்து நிலம், உரிமம், குத்தகை என்று காகிதங்கள் கைமாறி வந்திருக்கின்றன. மிதித்த காலின் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு வயதான அம்மா என்னிடம் சொன்னார்: "எங்க ஆயா காலத்துலேர்ந்து மிதிக்கிறோம் தம்பி. குத்தகைக்காரன் மாறுவான், மிதிக்கிறது நாங்கதான். அது தப்பில்லையாம். பொறம்போக்குல வூடு கட்டிக்கினதுதான் தப்பாம். மிதிச்ச காலு ராத்திரிக்கு எங்க போயி படுக்கும்?"

இந்தக் கேள்விக்கு 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் பதிலில்லை. தனியார் சொத்து என்று நிரூபிக்கப்படாத நிலமெல்லாம் சர்க்கார் சொத்து என்று தொடங்குகிற சட்டம் அது. பாலஸ்தீனத்து அவசரச் சட்டத்துக்குப் பதினாறு வருஷம் மூத்தது, ஒரே எஜமானின் கைவேலை. அதன் கீழ் வருகிற 'பி மெமோ'வுக்குப் பணம் கட்டி, அந்த ரசீதைப் பட்டா மாதிரி பெட்டியில் வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நீ குற்றவாளி என்று சொல்கிற சீட்டுத்தான் நீ இங்கே இருந்தாய் என்பதற்கான ஒரே சாட்சி.

இதே கடற்கரை மாவட்டங்களின் இன்னொரு காகிதம் வேறு கதை சொல்கிறது. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பஞ்சமி நிலம். பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு மட்டுமே விற்கலாம். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. இங்கே காகிதம் தலித்திடம், நிலம் வேறு சாதியிடம். சட்டப்படி பார்த்தால் தமிழ்நாட்டின் அசல் ஆக்கிரமிப்பாளர் இவர்தான். ஆனால் அந்தச் சொல் அவர்மேல் ஒட்டுவதில்லை. அவர் 'நிலச் சுவான்தார்'. காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியவர்களுக்கு 1994 அக்டோபர் 10 அன்று கிடைத்தது துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்துப்போனார்கள்.

இறால் பண்ணைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை இடிக்கச் சொல்லி 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு அவற்றைக் காப்பாற்றியது. குடிசைக்கு இப்படி முன்தேதியிட்டு ஒரு சட்டம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

தோழர்கள் சிலர் கோபப்படுவார்கள்: ராணுவ ஆக்கிரமிப்பையும் வருவாய்த்துறை நடவடிக்கையையும் ஒன்றாக்குகிறாயா? இல்லை. அங்கே குடியுரிமையே இல்லாத மக்கள்மேல் ஒரு ராணுவமும் குடியேறிகளும். இங்கே ஓட்டு இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, சில நேரம் பட்டாவும் கிடைக்கிறது. ஆனால் இங்கே இன்னொன்றும் இருக்கிறது, சாதி. 2013 ஏப்ரல் 25 அன்று இதே மரக்காணத்தில் தலித் வீடுகளைக் கொளுத்தியவர்களுக்கு அரசாணையும் தேவைப்படவில்லை, ஜேசிபியும் தேவைப்படவில்லை. அரசைத் திட்டிவிட்டு நாம் நழுவிவிட முடியாது. குடிசையை ஆக்கிரமிப்பு என்று எழுதுகிற பத்திரிகைக்காரரும், அதை அப்படியே வாசித்துவிட்டு டீ குடிக்கிற என் மாதிரி ஆட்களும் இந்தச் சொல்லாடலின் பங்காளிகள்.

அடுத்த முறை பாலஸ்தீனத்துக்காக ஒரு அரங்கக் கூட்டம் போடும்போது, கவிதையோடு ஒரு இடிப்பு உத்தரவையும் மொழிபெயர்த்து வாசிப்போம். அந்த மொழி நமக்குப் புதிதாக இருக்காது. பிறகு, கூட்டத்துக்கு வந்தவர்கள் அவரவர் ஊரின் அ பதிவேட்டை, யுடிஆருக்கு முந்தையதையும் பிந்தையதையும், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். எந்த சர்வே எண்ணில் யார் பெயர் போய் யார் பெயர் வந்திருக்கிறது என்று எழுதட்டும். ஆக்கிரமிப்பு என்ற சொல்லை யார்மேல் எழுத வேண்டும் என்பது அப்போது தெரியும். அதுவரைக்கும் குடிசைக்காரர்மேல் அதை எழுதாமலாவது இருப்போம்.