மலைச் சாலையை வாசிக்கும் முறை

பயண இலக்கியம் தமிழில் என்றும் வாசகரை இழந்ததில்லை. அண்மைக் காலத்தில் அதன் கிளைகளுள் ஒன்று தனியாகத் தழைத்து வருகிறது. ஊர்களையும் கோயில்களையும் பற்றி எழுதியது போக, சாலைகளைப் பற்றியே எழுதும் போக்கு அது. அதிலும் மலைச் சாலைகளுக்குத் தனி மதிப்பு உண்டு. பழைய கார் ஒன்றில் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்த கதை என்றால் வாசகர் ஆர்வத்தோடு புரட்டுகிறார்.

திருப்பூரில் வாழும் நமக்கு இது தொலைவான செய்தி அன்று. ஞாயிற்றுக்கிழமை பனியன் நிறுவனங்களின் தையல் இயந்திரங்கள் ஓயும்போது, இளைஞர்கள் பல்லடம் வழியாகப் பொள்ளாச்சி நோக்கியும், உடுமலை வழியாக மறையூர் நோக்கியும் புறப்படுகிறார்கள். வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏறி, மாலையில் இறங்கி, திங்கள் காலை மீண்டும் வேலைக்கு வந்துவிடுகிறார்கள். ஆதலால் மலைச் சாலையைப் பற்றி எவ்வாறு எழுதுவது, எழுதியதை எவ்வாறு வாசிப்பது என்ற கேள்வி நமக்கு உரிய கேள்வியே.

இவ்வகை எழுத்தின் தாய்வீடு ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைத்தொடர். 1912இல் அங்கு நடந்த கார்ப் போட்டி ஒன்றில், ஆஸ்திரியாவின் காட்ஷ்பெர்க் கணவாயின் செங்குத்தான ஏற்றத்தில் ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் கார் ஒன்று ஏற இயலாமல் நின்றுபோனது. மூன்று கியர்கள் மட்டுமே கொண்டிருந்த அந்தக் காரைத் திருத்தி, நான்கு கியர்களோடு மறு ஆண்டு மீண்டும் அனுப்பினார்கள். 1913இல் அவை மலைகளைச் சிறப்பாகக் கடந்தன. அதன் நூற்றாண்டு 2013இல் வந்தபோது, அதே மாதிரியைச் சேர்ந்த பழைய கார்கள் அம்மலைகளின் மீது மீண்டும் ஓடின.

இத்தகைய பயணங்களைப் பற்றிய எழுத்தில் ஒரு நேர்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. பழைய காரை ஓட்டுகிறவன் மலையை அலட்சியம் செய்ய இயலாது. ரேடியேட்டரில் தண்ணீர் கொதிக்கும். இறக்கத்தில் பிரேக் சூடேறித் தளரும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பாடத்தை ஒவ்வொரு வளைவும் கற்பிக்கும். மனிதன் செய்த பொறியின் எல்லையை மலை காட்டிக் கொடுக்கிறது. அந்த எல்லையை ஒப்புக்கொள்ளும் எழுத்தில் ஒரு பணிவு இயல்பாகவே வந்து சேர்கிறது.

ஆயினும் குறை ஒன்று உண்டு. இவ்வெழுத்தில் கார் பேசும், காட்சி பேசும். சாலை மட்டும் ஊமையாகக் கிடக்கும். சாலை மலையோடு கூடப் பிறந்தது போலவே எழுதுகிறார்கள். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயை எடுத்துக்கொள்வோம். 2,757 மீட்டர் உயரம். ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். அன்றைய ஆஸ்திரியப் பேரரசு தன் ஆட்சியில் இருந்த லம்பார்டியை இணைப்பதற்காக 1820க்கும் 1825க்கும் இடையே அமைத்த சாலை அது. பொறியாளர் கார்லோ தொனெகானியின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. கல் உடைத்தவர்களும் சுவர் எழுப்பியவர்களும் பெயரின்றிப் போனார்கள். பயணக் கட்டுரைகள் அந்த மறதியை அப்படியே நகல் எடுக்கின்றன.

அதே ஆல்ப்ஸ் மலையில் வேறொரு மரபும் இருக்கிறது. பெரிய புனித பெர்நார்து கணவாயில், 2,469 மீட்டர் உயரத்தில், 11ஆம் நூற்றாண்டில் புனித பெர்நார்து நிறுவிய பயணியர் மடம் இன்றும் திறந்திருக்கிறது. பனியில் வழி தவறியவரைத் தேடிச் செல்வது அத்துறவிகளின் பணியாயிற்று. அவர்கள் வளர்த்த நாய்கள் உலகப் புகழ் பெற்றன. மலையேற்றத்தில் தாமே ஈடுபாடு கொண்டிருந்த திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1923இல் அப்புனிதரை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். கடந்து போகிறவனுக்குக் கணவாய் ஒரு சாதனை. அங்கேயே தங்கி, வருகிறவனுக்காக விளக்கேற்றி வைப்பவனுக்கு அது ஒரு கடமை. ஒரே மலைக்கு இவ்விரு வாசிப்புகளும் உண்டு. முதலாவதை மட்டும் தெரிவு செய்கிற இலக்கியம் பாதி இலக்கியமே.

இனி நம் மண்ணுக்கு வருவோம். கொங்கு நாட்டுக்குப் பொறிகளின் மீதுள்ள காதல் புதிதன்று. ஜி. டி. நாயுடு 1920இல் ஒற்றைப் பேருந்தோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்தைத் தொடங்கினார். அவருடைய குடும்பத்தார் சேகரித்த பழைய கார்கள், கோவை அவிநாசி சாலையில் 2015இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருக்கின்றன. 1886ஆம் ஆண்டின் பென்ஸ் மோட்டார் வண்டியின் மாதிரி வடிவத்தையும் அங்கே காணலாம். காரின் உள்ளுறுப்புகளையும் அவற்றின் வளர்ச்சியையும் மாணவர்கள் அறிந்துகொள்ள இது நல்ல பள்ளி. ஆனால் பளபளக்கும் தரையில் நிற்கும் கார் நமக்குச் சொல்லக்கூடியது காரின் வரலாற்றை மட்டுமே. அது ஏறிய மலையின் கதையை எழுத்துதான் சொல்ல வேண்டும்.

சொன்ன எழுத்து தமிழில் இல்லாமல் இல்லை. சிட்டியும் தி. ஜானகிராமனும் இணைந்து எழுதி 1971இல் வெளிவந்த ‘நடந்தாய் வாழி காவேரி’ காரில் சென்று எழுதிய நூல்தான். எனினும் நூலை மூடும்போது நம் நினைவில் நிற்பது காவிரி, காரன்று. வண்டி அவர்களை ஓரிடத்தில் இறக்கிவிடும் கருவியாக மட்டுமே இருக்கிறது. இறங்கிய பின்பே பயணம் தொடங்குகிறது. கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்தபடி ஆற்றையோ மலையையோ எழுத இயலாது என்பதை அந்நூல் உரத்துச் சொல்லாமலே உணர்த்துகிறது.

மலைச் சாலைக்கு அத்தகைய நூல் எது என்று கேட்டால், பயண நூல் அல்லாத ஒன்றையே நாம் சுட்ட வேண்டியிருக்கிறது. அது ‘எரியும் பனிக்காடு’ என்னும் நாவல். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியிட்டது, இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 2007இல் தமிழுக்கு வந்தது. பாலாவின் ‘பரதேசி’ திரைப்படத்துக்கு (2013) அடிப்படையும் இதுவே.

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் ‘லோம்ஸ் வியூ’ என்னும் பார்வை முனை. வெள்ளைக்காரர் ஒருவரின் பெயரை அது தாங்கி நிற்கிறது. கீழே ஆழியாறு அணையின் நீர்ப்பரப்பு விரிய, அங்கே நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர் இல்லை. அந்த மலைக்கு 1920களில் போய்ச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் கதையை நாவல் சொல்கிறது. திருநெல்வேலிச் சீமையின் வறண்ட கிராமம் ஒன்றில் வாழும் கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் இனிய சொல்லையும் அவன் நீட்டிய முன்பணத்தையும் நம்பி மலைக்குப் போகிறார்கள். குளிர், அட்டைக்கடி, காய்ச்சல், அவமதிப்பு ஆகியவற்றைத் தாங்கி உழைத்துக் கணக்குப் பார்க்கும் நாளில், மிச்சம் இருப்பது கடன்தான் என்று அவர்களிடம் சொல்லப்படுகிறது. இந்நாவலில் மலைப்பாதை ஒருவழிப் பாதை. ஏறியவர் இறங்க முடிவதில்லை.

நாவலை முழுமையான கலைப்படைப்பு என்று நாம் போற்ற வேண்டியதில்லை. ஆசிரியரின் மருத்துவக் கண் பல இடங்களில் மனிதரைக் காட்டிலும் நோயையே கூர்ந்து பார்க்கிறது. பாத்திரங்கள் சில வேளைகளில் துன்பத்தின் எடுத்துக்காட்டுகளாகச் சுருங்கிவிடுகின்றன. ஆனால் அதன் தகவல் செறிவும் அறச்சீற்றமும் இக்குறைகளை மீறி நிற்கின்றன. மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. யாருடைய வாழ்வை நாவல் சொன்னதோ, அவர்களுடைய மொழியில் அது வர 38 ஆண்டுகள் ஆயின. முருகவேளின் பணியை மொழிபெயர்ப்பு என்று மட்டும் சொன்னால் போதாது. உரியவரிடம் உடைமையைத் திருப்பிக் கொடுத்தல் என்றே சொல்ல வேண்டும்.

இந்நூலைத் திருப்பூரில் இருந்து வாசிப்பது எளிதன்று. முன்பணம், முகவர், ஒப்பந்தக் காலம் ஆகிய சொற்கள் நம் பகுதிக்கு அந்நியமானவை அல்ல. திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை கிடைக்கும் என்ற வாக்குறுதியோடு ஏழைப் பெண்களை நூற்பாலை விடுதிகளில் ஆண்டுக்கணக்கில் வைத்து வேலை வாங்கிய ‘சுமங்கலித் திட்டம்’ கொங்கு மாவட்டங்களில் பெரும் கண்டனத்துக்கு உள்ளானதை நாம் அறிவோம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் இளைஞர்கள் இன்று நம் தெருக்களில் வாழ்கிறார்கள். ஞாயிறன்று வால்பாறைக்கு ஏறுகிறவர்களுள் பலர் வேறு ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடி இங்கு வந்தவர்களே. தேயிலைச் சரிவைப் பச்சைக் கம்பளம் என்று வருணிக்கும் கட்டுரை அவர்களுக்கு ஓர் இன்பத்தைத் தருகிறது. அவர்களுடைய முன்னோடிகளை அவர்களிடமிருந்து மறைத்தும் விடுகிறது. இந்த இழப்பு நமக்குப் பெரிதாகப் படுகிறது.

அழகை ரசிப்பது குற்றமா என்று கேட்கலாம். குற்றமில்லை. பழைய அம்பாசடரில் மலையேறும் மகிழ்ச்சியை எழுதுவதும் தவறன்று. 2014இல் உற்பத்தி நின்றுபோன அந்தக் காரின் மீது நம் தலைமுறைக்கு உள்ள பற்று இயல்பானது. நாம் கேட்பது, கார் நின்ற இடத்தில் எழுத்தாளர் சற்று இறங்க வேண்டும் என்பதே. மலைச் சாலையில் இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. சுமையோடு ஏறுகிறவனுக்கே முதலுரிமை. பயண எழுத்துக்கும் இந்த விதி பொருந்தும்.

ஏறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் சரிந்த மண்ணை அகற்றி, வடிகாலைத் தூர்வாரி, வளைவின் தடுப்புச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவர்கள் நெடுஞ்சாலைத் துறையின் சாலைப் பணியாளர்கள். தமிழ்நாடு முழுவதும் ஏறத்தாழ 10,000 பேர் 2002இல் பணிநீக்கம் செய்யப்பட்டு, 2006இல் மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். இடைப்பட்ட 41 மாதங்களைப் பணிக்காலமாகக் கணக்கிட வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார்கள். செய்தித்தாள்களில் இடம்பெற்ற இவர்கள் நம் பயணக் கட்டுரைகளில் இடம்பெறவில்லை. நாற்பது வளைவுகளையும் எண்ணத் தெரிந்த ஓர் எழுத்தாளர், அவற்றுள் ஏதேனும் ஒரு வளைவில் மண்வெட்டியோடு நிற்கும் ஒருவரிடம் அரைமணி நேரம் பேசி அதை எழுதித் தரட்டும். அந்தக் கட்டுரைக்காக இலக்கிய இதழ்கள் தம் பக்கங்களைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.