ஸ்விட்சும் செவியும்

விலையைத் தெரிந்துகொண்டு பிறகு ருசி பார்க்கிறவர் சொல்லும் அபிப்பிராயத்தை நான் நம்புவதில்லை. புத்தகமானாலும் சரி, காப்பியானாலும் சரி. சங்கீதம் கேட்கும் சாதனங்களைப் பற்றி இப்போது வருகிற விமரிசனங்களைப் படிக்கும்போது இது எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது.

இன்று பாட்டு பெரும்பாலும் இன்டர்நெட் வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. ரூட்டரிலிருந்து வருகிற இணைப்பைப் பல சாதனங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது ஸ்விட்ச் என்ற சிறு பெட்டி. சாதாரண ஸ்விட்ச் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். சங்கீத ரசிகர்களுக்கென்றே செய்ததாகச் சொல்லி விற்கிறவற்றில் லட்ச ரூபாயைத் தாண்டியவையும் உண்டு. கேபிளும் அப்படித்தான். விலை உயர்ந்ததைப் பற்றி எழுதுகிறவர்கள், "பின்னணி கறுத்தது", "குரலைச் சுற்றிக் காற்று உலாவுகிறது" என்றெல்லாம் எழுதுகிறார்கள். நாவல் எழுதுகிற எனக்கு இந்தப் பாஷை புதிதல்ல. மதிப்புரைகளில் "ஆத்மார்த்தமான படைப்பு" என்று எழுதுவார்களே, அதன் தம்பி இது. பொய் என்று நிரூபிக்க முடியாத வாக்கியம். ஆகவே மெய் என்றும் நிரூபிக்க முடியாது.

குருசுக்குப்பத்தில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி என் நண்பர் ஒருவர் குடியிருக்கிறார். ஓய்வூதியக்காரர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி என்றால் சாப்பாட்டை மறந்துவிடுவார். பாங்கியில் போட்டிருந்த வைப்புத் தொகை முதிர்ந்ததும், அதில் ஒரு பெரிய பகுதியைக் கொடுத்து ஸ்விட்ச் வாங்க எண்ணினார். இரவல் வாங்கிய ஒன்றைப் பழையதோடு ஒப்பிட்டு, நோட்டுப் புத்தகத்தில் குறிப்பெல்லாம் எழுதி வைத்திருந்தார். "வித்தியாசம் தெரிகிறதா, பாருங்கள்" என்றார். விருந்துக்கு வந்தவன் தெரிகிறது என்று சொல்லிவிடுவதுதான் மரியாதை. நான் வேறு யோசனை சொன்னேன். அவருடைய மருமகள் அடுத்த அறையில் காசைச் சுண்டி, விழுந்தபடி ஸ்விட்சை மாற்றினாள். எது என்று சொல்லவில்லை. 10 தடவை கேட்டோம். நண்பர் சொன்னதில் 5 சரி. எனக்கும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். கேட்காமலே காசைச் சுண்டிச் சொல்லியிருந்தாலும் இவ்வளவு கிடைத்திருக்கும்.

இது காதின் குறையல்ல; காரணம் இருக்கிறது. சிடி தரத்தில் சங்கீதம் என்பது விநாடிக்குச் சுமார் 14 லட்சம் பிட்டுகள். மலிவான ஸ்விட்சின் 100 மெகாபிட் பாதையில் அதைப்போல் 70 மடங்கு போகலாம். அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்தோடும் சரிபார்க்கும் எண் ஒன்று சேர்ந்து போகிறது. எண் ஒத்துவராவிட்டால் பொட்டலம் தள்ளப்பட்டு, மறுபடி அனுப்பப்படுகிறது. வந்தவற்றை ஸ்ட்ரீமர் தன் நினைவகத்தில் சேர்த்து வைக்கிறது. பிறகு ஒலியாக மாற்றும் பகுதி தன் சொந்தக் கடிகாரத்தின்படி எடுத்து வாசிக்கிறது. சந்தேகமிருந்தால், பாட்டு நடக்கும்போதே கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். பெரும்பாலான சாதனங்களில் பாட்டு உடனே நிற்காது. சில விநாடிகளாவது தொடரும். கேபிளே இல்லாதபோது பாடுகிற பாட்டில் கேபிளின் இனிமை எங்கே இருக்கிறது?

பிட்டுகள் சரியாகத்தான் வரும், ஆனால் அவற்றோடு மின் இரைச்சலும் வருகிறதே என்று ஒரு கட்சி உண்டு. அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. உலோக உறை போட்ட கேபிள் இரண்டு சாதனங்களின் எர்த்தையும் இணைத்து, ஸ்பீக்கரில் 'ம்ம்' என்ற ஓசையைக் கொண்டுவரலாம். பரிகாரம், உறையில்லாத சாதாரண கேபிள். அதன் விலை குறைவு! ஈதர்நெட் போர்ட்டுகளில் சிறு டிரான்ஸ்பார்மர் வைத்து மின் தொடர்பை முன்பே பிரித்திருக்கிறார்கள்.

குருசுக்குப்பத்தில் கவலைப்பட வேண்டிய விஷயங்கள் வேறு. உப்புக் காற்று இணைப்பு முனைகளை அரிக்கும். ஆகவே தங்க முலாம் நன்றாக உள்ள முனையும், அலுமினியத்தின்மேல் செம்பு பூசாத முழுச் செம்புக் கம்பியும் வேண்டும். இவை சாதாரண விலையிலேயே கிடைக்கின்றன. ஐப்பசி இடியின்போது செம்புக் கம்பி மின் அதிர்ச்சியையும் சாதனத்துக்குள் கொண்டுவரும். கண்ணாடி இழைக் கேபிளில் மின்சாரம் பாயாது. இவற்றை எந்த விமரிசனமாவது சொன்னால் அதை விமரிசனம் என்று ஒப்புக்கொள்வேன்.

ஈதர்நெட் என்ற பெயரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1973-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் வைத்த பெயர் அது. ஒளி பரவுவதற்காக அண்டமெங்கும் ஈதர் என்ற பொருள் நிறைந்திருப்பதாக 19-ஆம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் நம்பினார்கள். 1887-இல் மைக்கல்சனும் மார்லியும் அதன் அடையாளத்தைத் தேடிப் பரிசோதனை செய்தார்கள். எதிர்பார்த்த வித்தியாசம் தென்படவில்லை. தென்படவில்லை என்றே எழுதினார்கள். தோற்பதற்கு இடம் வைத்துச் செய்வதுதான் ஒப்பீடு. ஜெயிப்பதற்கென்றே செய்வது விளம்பரம்.

பழைய ஒலிப்பதிவில் உண்மையான நஷ்டம் உண்டு. மணிக்கணக்கில் தோடியை விரிக்கிற மேதையின் வாசிப்பைச் சுமார் 3 நிமிஷம் ஓடுகிற தட்டின் ஒரு பக்கத்தில் அடைத்தார்கள். அன்று பதியாமல் போனதை எந்தப் பெட்டியும் திருப்பித் தராது. ஆனால் கேட்கிற அறையில் நாமே உண்டாக்கும் நஷ்டத்தைக் குறைக்கலாம். நண்பரின் கூடத்தில் மொசைக் தரையும் வெறும் சுவர்களும் எதிரொலித்துக்கொண்டிருந்தன. அவர் இரவல் ஸ்விட்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு கனமான ஜமக்காளமும் ஜன்னல்களுக்குத் தடித்த திரைகளும் வாங்கினார். ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து நகர்த்தி வைத்தார். அந்த வித்தியாசம் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் கேட்கிறது. மீதிப் பணம் பாங்கியிலேயே இருக்கிறது.